வயிற்றுப்போக்குக்கு விரைவு மரபணுச் சோதனை: ராமநாதபுரம் கரையோர மக்கள் கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றுகிறேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுக உள்ள ஊர்களிலிருந்து பேதி கண்டவர்களின் மல மாதிரிகள் எங்களிடம் வருகின்றன. மருத்துவர் சீட்டில் "ஸ்டூல் பி.சி.ஆர்." (மலத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, கொரோனாவுக்கு மூக்கில் எடுத்த சோதனையை இப்போது இதில் ஏன் எடுக்கிறார்கள் என்று மாதிரி வாங்கும் சன்னலிலேயே பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பின்னால் வரிசை நிற்கும்போது அதற்கு முழுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அங்கே சொல்லாமல் விட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

சோதனை முடிவு வரும்வரை நோயாளிக்கு என்ன செய்வது?

எங்களிடம் கடைசியாகக் கேட்கப்படும் இந்தக் கேள்வியை நான் முதலில் வைக்கிறேன். பேதியில் உயிர் போவது பெரும்பாலும் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால்தான். எந்தக் கிருமி என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்த இழப்பை ஈடுகட்டும் வேலை முதல் பேதியிலேயே தொடங்கிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவைப்படி, ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் அதே அளவு எடுத்துக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்குக் கெடுதலாக முடியும். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்க முடிந்த அளவு கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு 14 நாட்கள் துத்தநாக மாத்திரையும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்தவர்களுக்கு 10 மில்லிகிராம். கடைகளில் அட்டைப் பெட்டியில் விற்கும் பழச்சுவைப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அதில் சர்க்கரை மிகுதி, உப்பு குறைவு.

கண் குழி விழுந்திருந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால், பிள்ளை துவண்டு கிடந்தால், குடிப்பதையெல்லாம் வாந்தி எடுத்தால் ஆய்வகச் சன்னலுக்கு வர வேண்டாம். 108-ஐ அழைத்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மாதிரியை அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

முன்பு செய்த மலப் பரிசோதனைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. அதில் சீழ் அணு, ரத்த அணு, அமீபா, புழு முட்டை ஆகியவை தெரியும். பாக்டீரியாக்கள் கண்ணில் பட்டாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் பெயர் சொல்ல முடியாது. அடுத்தது கல்ச்சர் எனப்படும் வளர்ப்புச் சோதனை. மலத்தில் துளி எடுத்து, கிருமிக்கு ஏற்ற உணவு கலந்த தட்டில் கீறி, இரவு முழுக்க வெப்பப் பெட்டியில் வைத்து, மறுநாள் முளைத்திருக்கும் புள்ளிகளில் சந்தேகமானதைப் பிரித்தெடுத்து மீண்டும் வளர்த்துப் பெயரை உறுதி செய்ய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். மரபணுச் சோதனை கிருமி வளரும்வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு கிருமிக்கும் உரிய மரபணுத் துணுக்கு மாதிரியில் இருக்கிறதா என்று மட்டும் தேடுகிறது. காசநோய்க்குச் சளியை "சிபிநாட்" கருவியில் சோதிப்பதை இந்தப் பகுதியில் பலர் அறிவார்கள். அடிப்படையில் இதுவும் அதே வழிதான்.

ஒரு மணி நேரத்தில் எப்படிக் கண்டுபிடிக்க முடிகிறது?

மலத்தில் இருக்கும் ஒன்றிரண்டு கிருமிகளின் டி.என்.ஏ.வை எந்தக் கருவியாலும் நேரடியாகப் பார்க்க முடியாது. அதைப் பெருக்கினால்தான் தெரியும். 1983-இல் அமெரிக்க வேதியியலாளர் கேரி மல்லிஸ் கண்டறிந்த பி.சி.ஆர். என்ற வழி இதற்குத்தான் பயன்படுகிறது. அதற்காக 1993-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டி.என்.ஏ.வை ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் முறுக்கிய இரண்டு இழைகளும் பிரிகின்றன. சூட்டைக் குறைத்ததும், நாம் தேடும் இடத்தில் மட்டும் ஒட்டும்படி செய்யப்பட்ட சிறு துணுக்குகள் போய் அமர்கின்றன. பிறகு ஒரு நொதி அங்கிருந்து புதிய இழையைக் கட்டுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்று முடியும்போது கணக்குப்படி ஒரே ஒரு துணுக்கு 107 கோடிக்கும் மேலாகியிருக்கும். இத்தனை சூட்டையும் தாங்கும் அந்த நொதி, வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது. பெருகிய டி.என்.ஏ.வோடு ஒளிரும் சாயம் சேர்ந்து வெளிச்சம் கூடக் கூடக் கருவி அதை அளந்துகொண்டே வருகிறது.

மேசையில் பார்த்தால் காரியம் எளிதாகத் தோன்றும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் ஒன்று. அதன் ஒரு துளையில் நீர்த்த மாதிரி, இன்னொன்றில் கரைசல். கருவிக்குள் செருகி மூடினால், கிருமியை உடைப்பதும் டி.என்.ஏ.வைக் கழுவி எடுப்பதும் பெருக்குவதும் உள்ளேயே நடந்துவிடும். அந்த வகைக் கருவியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பல மாதிரிகளைச் சேர்த்து ஓட்டும் கருவிகளில் மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். மாதிரி ஆய்வகத்துக்கு வந்து சேரும் நேரம் இந்தக் கணக்கில் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 170 கிலோமீட்டர் பயணத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எந்தெந்தக் கிருமிகளை இது தேடுகிறது?

வாங்கும் பேனலை, அதாவது ஒரே ஓட்டத்தில் சேர்த்துத் தேடும் கிருமிகளின் தொகுப்பை, பொறுத்தது. சிறிய பேனல்கள் சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஷிகா நச்சு சுரக்கும் இ.கோலி ஆகிய நான்கோடு நின்றுவிடும். பெரிய பேனல்களில் விப்ரியோ வகைகள் (காலராக் கிருமியும் கடல் உணவால் பேதி தரும் கிருமியும் சேர்ந்த இனம்), யெர்சினியா, பேதி உண்டாக்கும் மற்ற இ.கோலி வகைகள், க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் ஆகியவையும், ரோட்டா, நோரோ முதலிய வைரஸ்களும், அமீபா, ஜியார்டியா போன்றவையும் சேர்ந்திருக்கும். 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு பேனல் ஒரே ஓட்டத்தில் 22 கிருமிகளைத் தேடுகிறது.

நம் கரையில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பேனலில் விப்ரியோ இருக்கிறதா? நான்கு கிருமிச் சிறிய பேனல்கள் பலவற்றில் அது இருக்காது. காலராவோ கடல் உணவு நஞ்சோ என்று சந்தேகித்து வந்த நோயாளிக்கு அந்தப் பேனலை ஓட்டி "நெகட்டிவ்" என்று தாள் கொடுத்தால், தேடவே தேடாத ஒன்றை இல்லை என்று சொன்னதாகிவிடும்.

கடற்கரைக்கென்று தனியாக ஏதாவது கிருமி உண்டா?

உண்டு. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்பது அதன் பெயர். உப்பு நீரில்தான் அது வாழும். வெதுவெதுப்பான கடல் நீரிலும் சேற்றிலும் நண்டு, இறால், சிப்பி, கணவாய் ஆகியவற்றிலும் இயல்பாகவே இருக்கும். 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் பதப்படுத்திய சிறு மீனைத் தின்று 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது ஃபுஜினோ என்ற மருத்துவ அறிஞர் அதைக் கண்டறிந்தார். 1996-இல் கொல்கத்தாவில் திடீரெனப் பெருகிய ஒரு வகை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. ஆகவே இது ஜப்பான்காரர்களின் பச்சை மீன் பழக்கத்தால் மட்டும் வருகிற நோய் என்று எண்ண வேண்டாம்.

நாம் மீனைப் பச்சையாகத் தின்பதில்லை. குழம்பு கொதிக்கும்போது இந்தக் கிருமி செத்துவிடும். பிறகு எப்படி வருகிறது? வேகவைத்த நண்டை, கரையிலிருந்து பச்சை நண்டு கொண்டுவந்த அதே கூடையில் போடுவதால் வருகிறது. இறால் உரித்த கத்தியால் வெங்காயம் நறுக்குவதால் வருகிறது. காலையில் வைத்த நண்டுக் குழம்பில் பச்சை மீன் பட்ட கரண்டியை இட்டு, மாலைவரை வெயில் நேரத்துச் சமையலறையில் மூடி வைப்பதால் வருகிறது. சூடு ஏற்றதாக இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் கிருமி இது. மதியம் சில நூறாக இருந்தது அந்தி சாய்வதற்குள் நோய் தரும் அளவைத் தாண்டிவிடும். தின்றதிலிருந்து பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலியோடு நீர்ப்பேதி தொடங்கும். பலருக்கும் இரண்டு மூன்று நாட்களில் தானாகவே அடங்கிவிடும்.

மரபணுச் சோதனைக்கு இங்கே ஒரு தனிப் பயன் உண்டு. கடலில் இருக்கும் இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை மனிதருக்கு நோய் தருவதில்லை. டி.டி.எச்., டி.ஆர்.எச். என்ற நச்சு மரபணுக்களைச் சுமப்பவையே பெரும்பாலும் நோயாளிகளிடம் காணப்படுகின்றன. தட்டில் வளர்ந்த பச்சைப் புள்ளியைப் பார்த்து எது எதென்று சொல்ல இயலாது. அந்த மரபணுவைத் தேடும் சோதனையால் சொல்ல முடியும். ஆனால் எல்லாப் பேனலும் அதைத் தேடுவதில்லை, சில "விப்ரியோ" என்ற அளவோடு நின்றுவிடுகின்றன.

முடிவில் "விப்ரியோ காலரே" என்று வந்தால் காலரா என்றுதானே பொருள்?

அவசரப்பட வேண்டாம். விப்ரியோ காலரேயில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஊரையே சாய்க்கும் வாந்திபேதியை உண்டாக்குபவை ஓ1, ஓ139 என்ற இரண்டு மட்டுமே. இரண்டாவது வகை உலகின் கண்ணில் முதலில் பட்டதே நம் சென்னையில்தான், 1992-இல். மற்ற வகைகள் கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் இயல்பாக இருப்பவை; அவற்றாலும் பேதி வரலாம், ஆனால் கொள்ளைநோயாகப் பரவுவதில்லை. பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பகுதியில் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் முடிவு சொல்வது பெருந்தவறு. 1959-இல் கொல்கத்தாவின் சம்புநாத் டே கண்டறிந்த காலரா நச்சுக்குரிய மரபணு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டில் வளர்த்து, ஓ1-ஆ ஓ139-ஆ என்று உறுதி செய்ய வேண்டும். நீர்த்த அரிசிக் கஞ்சிபோலப் போகிறதென்றால் மருத்துவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்காமல் காலராவாகவே கருதி நீரேற்றத் தொடங்கிவிடுவார்கள். அதுதான் சரி.

உறுதியானால் அது ஒரு குடும்பத்தோடு முடிகிற செய்தியாக இருக்காது. காலரா அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வழியாகத் தகவல் போய், சுகாதார ஆய்வாளர்கள் வீடு வீடாகப் பார்ப்பார்கள். தெருக்குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடிக்கும் ஊர்கள் இங்கே உண்டு. வடகிழக்குப் பருவமழையில் அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் கழிவு நீர் தேங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எந்த ஊற்று, எந்தத் தொட்டி என்று அவர்கள் கேட்கும்போது, நம் ஊருக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று மறைக்காமல் சொல்லுங்கள். விரைவுச் சோதனையால் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவதன் முழுப் பயனும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பேதி என்றாலே இந்தச் சோதனை எடுக்க வேண்டுமா?

வேண்டாம். நேற்றுத் தொடங்கிய, ரத்தமோ கடுங்காய்ச்சலோ இல்லாத நீர்ப்பேதிக்குப் பெரும்பாலும் எந்தச் சோதனையும் தேவையில்லை. அது தானாக அடங்கும். குழந்தைகளிடம் பல நேரங்களில் வைரஸால் வருவது. முடிவு எதுவாக இருந்தாலும் மருத்துவம் மாறப்போவதில்லை என்றால் சோதனைக்குச் செலவிடும் பணத்தை நான் வீண் என்றே சொல்வேன்.

ரத்தமோ சளியோ கலந்து போனால், 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் இருந்தால், ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தால், மருத்துவமனையில் சேர்க்கும் அளவு நீர் வற்றியிருந்தால் சோதிப்பதில் பொருள் உண்டு. புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. ஒரே கந்தூரியில், ஒரே கல்யாணப் பந்தியில், ஒரே விசைப்படகில் சாப்பிட்ட பலருக்கு ஒன்றாகக் கண்டால் கட்டாயம் சோதிக்க வேண்டும். அப்போதும் எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை, புதிதாக நோய் கண்ட சிலரிடம் எடுத்தாலே போதும்.

மாதிரியை எப்படி எடுத்து, எப்படிக் கொண்டுவருவது?

சோதனையின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கெட்ட மாதிரியை அதனால் நல்ல மாதிரியாக்க முடியாது.

ஒருமுறை பாம்பனிலிருந்து ஒரு பெரியவர் பேரப்பிள்ளையின் மாதிரியைக் கொண்டுவந்தார். மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி. திறந்தால் உடைத்த ஐஸ். அதற்கு நடுவே கழுவிக் காயவைத்த ஊறுகாய்ப் பாட்டில். சீலா மீனை மதுரைக்கு அனுப்புகிறவர் எவ்வளவு அக்கறையாக அடுக்குவாரோ அவ்வளவு அக்கறையாக அடுக்கியிருந்தார். "ஐஸ்ல வச்சாத்தானம்மா கெடாம இருக்கும்" என்றார். ஐஸ் உருகிய தண்ணீர் மூடி வழியாக இறங்கி, மாதிரி பாதிக்கு மேல் நீர்த்திருந்தது. பாட்டிலில் சோப்பு வாடையும் இருந்தது. "ஐயா, இன்னொரு தடவை எடுக்கணும்" என்று சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. ஏனென்றால் அவர் செய்தது ஒன்றும் அலட்சியம் அல்ல, எப்படிக் கொண்டுவர வேண்டுமென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். ஆய்வகமோ ஆரம்ப சுகாதார நிலையமோ தரும் டப்பாவையே பயன்படுத்துங்கள். சுத்தமான, காய்ந்த பிளாஸ்டிக் தாளிலோ மண் படாத பாத்திரத்திலோ போகச் செய்து, சிறுநீரும் தண்ணீரும் கலக்காமல், டப்பாவோடு வரும் கரண்டியால் எடுங்கள். ரத்தமோ சளியோ தெரியும் பகுதியிலிருந்து எடுப்பது நல்லது. கிருமி அங்கே மிகுதி. கழிப்பறைக் கோப்பையிலிருந்து எடுக்க வேண்டாம், அதில் ஊற்றிய பிளீச்சிங் கரைசல் கிருமியையும் டி.என்.ஏ.வையும் அழித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வந்துவிட முடியுமானால் அப்படியே கொண்டுவரலாம். முடியாதென்றால் கேரி-பிளேர் என்ற ஊடகம் உள்ள குழாயைக் கேட்டு வாங்குங்கள். கிருமியைச் சாகவும் விடாமல் பெருகவும் விடாமல் காக்கும் கூழ் அது; பல மரபணுப் பேனல்களுக்கும் அதே குழாயிலிருந்து எடுத்துப் போடலாம். விப்ரியோ சந்தேகம் இருந்தால் ஐஸில் புதைக்கவே கூடாது. குளிர் அதற்கு ஆகாது, பிறகு தட்டில் வளராது. வெயில் படாமல் பையில் வைத்துக் கொண்டுவந்தால் போதும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

மாத்திரை போட்டுவிட்டோம். இனிச் சோதித்துப் பயனுண்டா?

கல்ச்சருக்கு அது பெரிய இடைஞ்சல். ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போனாலே தட்டில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். மரபணுச் சோதனை செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் கண்டுபிடிக்கும் என்பதால் மாத்திரைக்குப் பிறகும் பெரும்பாலும் விடை கிடைக்கும். என்றாலும் முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரி எடுத்துவிடுவதுதான் எப்போதும் சிறந்தது. ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து ரத்தபேதியோடு வந்த ஒரு சிறுவனின் மாதிரி எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு நாள் ஊசி போட்ட பிறகு அனுப்பியிருந்தார்கள். மரபணுச் சோதனையில் ஷிகெல்லா என்று தெரிந்தது. தட்டு வெறுமையாக இருந்தது. போட்ட ஊசி கேட்கவில்லை, வேறு எது கேட்கும் என்று சொல்ல என்னிடம் வளர்ந்த கிருமி இல்லை. மாதிரி எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"பாசிட்டிவ்" என்றால் அந்தக் கிருமிதான் காரணமா?

பெரும்பாலும் ஆம், எப்போதும் அல்ல. இந்தச் சோதனை மிக நுட்பமானது. அந்த நுட்பமே சில சமயம் குழப்பமாகும். சென்ற மாதம் வந்து குணமான சால்மோனெல்லாவின் எச்சம் இந்த மாத வைரஸ் பேதியின் மாதிரியில் தெரியலாம். நல்ல நிலையில் விளையாடும் குழந்தைகளிடமும் சில இ.கோலி வகைகள் காணப்படுவதுண்டு. பெரிய பேனல்களில் ஒரே மாதிரியில் இரண்டு மூன்று பெயர்கள் வருவதும் நடக்கிறது. அப்போது எது குற்றவாளி என்பதைக் கருவி சொல்லாது. எத்தனை நாளாக, என்ன சாப்பிட்டார், ரத்தம் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டறிந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஷிகெல்லாவைத் தேடும் ஐ.பி.ஏ.எச். என்ற மரபணு, குடற்சுவரைத் துளைக்கும் ஒரு வகை இ.கோலியிலும் இருக்கிறது. அதனால்தான் தாளில் இரண்டு பெயரும் சேர்ந்தே அச்சாகிறது. இரண்டு நோய் என்று பயந்துவிடாதீர்கள்.

"நெகட்டிவ்" என்றால் கிருமியே இல்லையா?

பேனலில் உள்ள கிருமிகள் இந்த மாதிரியில் அகப்படவில்லை என்று மட்டுமே பொருள். பேனலில் இல்லாத ஒன்று காரணமாக இருக்கலாம், கிருமியே அல்லாத காரணமும் இருக்கலாம். மலத்திலுள்ள பித்த உப்புகளும் சில சர்க்கரைப் பொருட்களும் பெருக்கும் வினையைத் தடுப்பதும் உண்டு. அதைக் கண்டுகொள்ள ஒவ்வொரு ஓட்டத்திலும், வினை சரியாக நடந்ததா என்று காட்டும் ஒரு உட்கட்டுப்பாடு (இன்டர்னல் கன்ட்ரோல்) வைத்திருப்பார்கள். அது தோற்றால் தாளில் "செல்லாது" என்றுதான் வர வேண்டும், "நெகட்டிவ்" என்று வரக் கூடாது.

இவ்வளவு விரைவான சோதனை இருக்கும்போது கல்ச்சர் இன்னும் எதற்கு?

எந்த மருந்து கேட்கும் என்று சொல்வது கல்ச்சர்தான். ஷிகெல்லாவுக்கு ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் இன்று இந்தியாவில் பல இடங்களில் கேட்பதில்லை. தட்டில் வளர்த்து, மருந்து தடவிய வட்டங்களை வைத்து, எதைச் சுற்றிக் கிருமி வளராமல் இடம் விட்டிருக்கிறது என்று அளந்தால்தான் அது தெரியும். ஒரே ஊரில் இருபது பேருக்கு வந்தது ஒரே மூலத்திலிருந்துதானா என்று ஒப்பிடவும் உயிருள்ள கிருமி வேண்டும். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மரபணுச் சோதனையில் பாசிட்டிவ் ஆன மாதிரிகளைத் தட்டிலும் வளர்க்கச் சொல்கிறது.

டி.சி.பி.எஸ். என்ற பச்சை நிறத் தட்டில் மாலையில் ஒரு மாதிரியைக் கீறிவிட்டுப் போய் மறுநாள் காலையில் பெட்டியைத் திறக்கும்போது, காலராக் கிருமி இருந்தால் அது முளைத்த இடமெல்லாம் மஞ்சளாக மாறியிருக்கும். அதிலுள்ள சர்க்கரையை அது தின்று புளிக்கச் செய்வதால் வரும் நிறம். பாராஹீமோலிட்டிகஸ் அந்தச் சர்க்கரையைத் தொடாது, பச்சையாகவே நிற்கும். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் இந்தத் தட்டு தரும் தகவலைக் கருவி வந்துவிட்டதென்று கைவிட்டால் நமக்குத்தான் நட்டம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஷிகெல்லா வழியிலேயே செத்துவிடும், கேம்பைலோபாக்டருக்கு 42 டிகிரி செல்சியஸ் சூடும் ஆக்சிஜன் குறைந்த காற்றும் வேண்டும். இவை இரண்டையும் தட்டு தவறவிட்ட இடத்தில் மரபணுச் சோதனை பிடித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டும் என்பதே என் எண்ணம்.

ரத்தபேதிக்கு உடனே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கலாமா?

மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, கொடுக்கக் கூடாது. இந்தியாவில் ரத்தபேதிக்கு முதன்மைக் காரணம் ஷிகெல்லா. அதற்கு ஏற்ற மருந்து தேவைப்படும். ஆனால் ஷிகா நச்சு சுரக்கும் இ.கோலியாக இருந்தால் நிலைமை தலைகீழ். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது, குறிப்பாகக் குழந்தைகளிடம், சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். இரண்டும் வெளியில் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இந்த ஒரு முடிச்சை அன்றைக்கே அவிழ்ப்பதில் விரைவுச் சோதனைக்கு நிகராக வேறொன்றும் என் கைக்கு வந்ததில்லை. பேதியைக் கட்டுப்படுத்தும் லோபரமைடு மாத்திரையையும் ரத்தபேதியில் தொட வேண்டாம். குழந்தைகளுக்கு எந்தப் பேதியிலும் வேண்டாம்.

டைபாய்டு இதில் தெரியுமா?

டைபாய்டைக் கண்டறிய இது ஏற்ற சோதனை அல்ல. டைபாய்டுக் கிருமி தொடக்கத்தில் ரத்தத்தில்தான் இருக்கும், ஆகவே ரத்தக் கல்ச்சர்தான் முறை. பல நாள் காய்ச்சலுக்கு மலத்தைக் கொண்டுவர வேண்டாம்.

எங்கே செய்கிறார்கள், செலவு எவ்வளவு ஆகும்?

பெரிய பேனல்களுக்குத் தனியார் ஆய்வகங்களில் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. கார்ட்ரிட்ஜ் விலையே அதற்குக் காரணம். ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுத்தால், "இந்த முடிவால் என் மருந்து மாறுமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவரை நான் அதிகம் பார்த்ததில்லை. 2022 தொடக்கத்திலிருந்து ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். ஊரில் பலருக்கு ஒன்றாகப் பேதி கண்டால் சோதனைச் செலவைத் தனி ஆளாகச் சுமக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தால் மாதிரி எடுப்பதும் அனுப்புவதும் அவர்கள் பொறுப்பு.

குணமான பிறகு மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். பேதி நின்ற பிறகும் பல நாட்கள், சிலருக்கு வாரக்கணக்கில், கிருமியின் டி.என்.ஏ. வெளியேறிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்து மறுபடியும் மருந்து தின்ன நேரிடும். உணவகத்திலோ சத்துணவுக் கூடத்திலோ சமைப்பவர்கள், பாலர் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள், முதியோரைப் பராமரிப்பவர்கள் மட்டும் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று சுகாதார அலுவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குத் தேவைப்பட்டால் கல்ச்சர்தான் எடுப்போம், ஏனென்றால் அங்கே தெரிய வேண்டியது கிருமி உயிரோடு இருக்கிறதா என்பது. யாராக இருந்தாலும், குணமாகி ஒன்றிரண்டு வாரங்களில் கால்கள் மரத்துப்போவதோ வலுவிழப்பதோ தெரிந்தால், கேம்பைலோபாக்டருக்குப் பிறகு அரிதாக வரும் நரம்பு நோயாக அது இருக்கலாம் என்பதால், அன்றைக்கே மருத்துவரிடம் போய், முன்பு வந்த சோதனைத் தாளையும் கையோடு காட்டுங்கள்.